ஈறுல வர்ற ரத்தமும் ஏறுற சுகரும்

பல்லு தேய்ச்சுத் துப்பும்போது லேசா சிவப்பு தெரிஞ்சா நம்ம வீடுகள்ல யாரும் பதறுறதில்ல, பிரஷ் குத்திருக்கும்னு கொப்புளிச்சிட்டுப் போயிடுவோம். எங்கம்மாவும் அப்படித்தான் பல வருஷம் ஓட்டினாங்க, இன்னொரு பக்கம் சுகர் மாத்திரை ஏறிக்கிட்டே போச்சு, ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னு எங்க யாருக்குமே தோணல.

நல்லா இருக்குற ஈறுன்னா பல்லுக்கும் அதுக்கும் நடுவுல 3 மில்லிமீட்டருக்கு மேல பள்ளம் இருக்காது. பல்லுல படியுற அழுக்கு எச்சில்ல இருக்குற கால்சியம் சேந்து காரையா இறுகிடுச்சுன்னா ஈறு விலகி பள்ளம் ஆழமாகும், காத்து போகாத அந்த இடத்துல போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் மாதிரி பாக்டீரியா சுகமா குடியேறிடும். பெருசா வலிக்காது, அதான் ஆபத்தே. எல்லாப் பல்லையும் சுத்தி உள்பக்கம் புண்ணாகி இருக்குறத விரிச்சுப் பாத்தா பல சதுர சென்டிமீட்டர் வரும், அவ்வளவு பெரிய புண்ணு கால்ல இருந்தா நாம சும்மா விடுவோமா?

பாக்டீரியா ஒட்டியிருக்குறது பல்லு மேல, அங்க ரத்த ஓட்டமே கிடையாது, அதனால நோய் எதிர்ப்பு செல்லால அத ஒழிக்க முடியாம வருஷக்கணக்குல சண்டை மட்டும் நடந்துகிட்டே இருக்கும். அந்தச் சண்டையில சுரக்குற டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 மாதிரி அழற்சி (கிருமியோட சண்டையில உடம்பு சிவந்து வீங்குறது) ரசாயனங்கள் எல்லாம் ரத்தத்துல கலந்து உடம்பு பூரா போகுது. சுகர் இருக்குறவங்களுக்கே தெரியும், காய்ச்சலோ கட்டியோ வந்தா சுகர் எகிறும். அதே சங்கதிதான் இங்கயும். இன்சுலின் வந்து சொல்ற சேதி தசை செல்லுக்குள்ள போற வழிய இந்த ரசாயனங்கள் மறிச்சிடுது, சர்க்கரை ரத்தத்துலயே தங்கிடுது. காய்ச்சல்னா நாலு நாள்ல அடங்கிடும், ஈறு நோய் பத்து வருஷம் கூட அடங்காது.

மறுபக்கம், சுகர் ஏறினா கிருமியோட மோதுற வெள்ளணுக்கள் மந்தமாகி ஈறு இன்னும் கெடும். 1993லயே ஹரால்ட் லோவேங்கிற பல் மருத்துவ ஆய்வாளர் ஈறு நோய சர்க்கரை நோயோட ஆறாவது சிக்கல்னு எழுதிட்டார். ஆழமா ஸ்கேலிங் பண்ணி, அதாவது காரைய சுரண்டி எடுத்து, ஈற சரி பண்ணா மூணு நாலு மாசத்துல ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகரக் காட்டுற டெஸ்ட், சதவீதத்துல சொல்வாங்க) சராசரியா 0.4 புள்ளி குறையுதுன்னு பல ஆய்வுகளச் சேத்துப் பாத்த 2022 காக்ரேன் அலசல் சொல்லுது. மாத்திரைய நிறுத்துற அளவுக்கு இல்லதான், ஆனா என்னைப் பொறுத்தவரை இது சின்ன விஷயம் கிடையாது.

இதயத்துக்கு வந்தா கொஞ்சம் நிதானமா பேசணும். அரிசோனாவுல பிமா பழங்குடி மக்கள்ல சர்க்கரை நோயாளிகள வருஷக்கணக்கா கவனிச்சதுல, ஈறு ரொம்பக் கெட்டவங்க இதய, சிறுநீரக நோயால சாகுற வாய்ப்பு கிட்டத்தட்ட 3 மடங்கு இருந்துச்சு. ரத்தக்குழாய் அடைப்புக்குள்ளயே வாய் பாக்டீரியாவோட டிஎன்ஏ கிடைச்சிருக்கு. ஆனாலும் ஈறு நோய்தான் மாரடைப்புக்குக் காரணம்னு நிரூபணம் ஆகலன்னுதான் 2012ல அமெரிக்க இதய சங்கம் சொல்லிச்சு, அந்த ஜாக்கிரதைக்கு அர்த்தம் இருக்கு. இதுக்கு முன்னாடி கிளமிடியா நிமோனியேன்னு ஒரு கிருமிய இதே மாதிரி சந்தேகப்பட்டு, 2005ல வெளிவந்த ஒரு பெரிய சோதனையில சுமார் 4,000 இதய நோயாளிகளுக்கு வாரம் ஒரு தடவைன்னு ஒரு வருஷம் அசித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, ஒரு பலனும் இல்ல. அப்புறம் 2017ல வெளிவந்த கான்டோஸ்ங்கிற சோதனையில 10,000 பேருக்கு மேல சேத்து, கொலஸ்ட்ராலத் தொடாம அழற்சிய மட்டும் அடக்குற ஊசி போட்டதுல, சோதிச்ச டோஸ் அளவுகள்ல ஒண்ணுல மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேத்து 15 சதவீதம் குறைஞ்சுது. அதனால அழற்சிக்குப் பங்கு இருக்குன்னு உறுதியாயிடுச்சு, ஈறுல இருந்து கிளம்புற அழற்சிக்கு அதுல எவ்வளவு பங்குங்கிறதுதான் பாக்கி.

எங்கம்மா ஸ்கேலிங்குக்கு ஒத்துக்காததுக்குக் காரணம் வேற, கிளீன் பண்ணா பல்லு ஆடும், சந்து விழும்னு யாரோ சொல்லி வச்சிருந்தாங்க. பண்ணி முடிச்சதும் சந்து தெரிஞ்சது நிஜம்தான். ஆனா அது புதுசா விழுந்த சந்து இல்ல, ஈறும் எலும்பும் எப்பவோ கரைஞ்சு போயிருந்த இடம், காரை அத இத்தன நாள் மறைச்சுகிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான்.