காப்பீட்டு அட்டையை நோய் வருமுன்பே வாங்கிவிடுங்கள்

குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற அண்ணன் ஒருவரை நெஞ்சுவலியோடு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டு அலமாரியில், ரேஷன் கார்டு இருந்த அதே பிளாஸ்டிக் கவரில் கிடந்தது. யாரும் கேட்கவில்லை, இவர்களும் காட்டவில்லை. அண்ணி வளையலை அடகு வைத்துக் கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, இந்த மூன்றும் போதும்.

சிக்கலே அந்த வருமானச் சான்றில்தான். தினக்கூலியை முப்பதால் பெருக்கி, அதைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதிவிட்டால் வரம்பு தாண்டிவிடும். மழையில் வெட்டு நிற்கிற நாள், தடைக்காலத்தில் கடலுக்குப் போகாத நாள் எல்லாம் யார் கணக்கு? கிராம நிர்வாக அலுவலரிடம் அதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். "அவர் லீவு, திங்கட்கிழமை வாங்க" என்பார்கள். வேலையை விட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் போகிறோம் என்பது அங்கே யாருக்கும் உறைப்பதில்லை, அதனால் என்னென்ன காகிதம் வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது பெயர். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் அவள் அம்மா வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும். பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்த்திருக்கவே மாட்டார்கள். ரேஷன் கார்டைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அட்டைக்குப் பணம் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் சேரும்போதே, முன்பணம் கட்டுவதற்கு முன், காப்பீட்டு கவுண்டர் எங்கே என்று கேளுங்கள். ஒரு ஆஸ்பத்திரி இந்தத் திட்டத்தின் பட்டியலில் இருந்தாலும் எல்லா நோய்க்கும் இருக்காது. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. அப்ரூவல் வந்த பிறகும் ஸ்கேனுக்குத் தனியாகக் கட்டச் சொன்னால் ரசீது கேளுங்கள், கூடவே 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சும்மா ஓ.பி.யில் காட்டி மாத்திரை வாங்குவதற்கு இந்த அட்டை உதவாது.

நம் ஆட்கள் அவசரமென்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டியை விடுவார்கள். அட்டை அங்கேயும் செல்லும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், கேரள எல்லையான களியக்காவிளை தாண்டுமுன் அதே எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் இந்த அட்டையை ஏற்றுக்கொள்கிறார்கள்.