செலக்டிவ் கலர்: தமிழில் ‘தெரிநிறம்’

படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. அதில் ஒரு பொருள் மட்டும் தன் நிறத்தோடு இருக்கும். நனைந்த சாலையில் ஒரு சிவப்புக் குடை, சாம்பல் முகத்தில் நீலக் கண்கள் என்று இதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். இந்த உத்திக்குத்தான் செலக்டிவ் கலர் என்று பெயர். படம் எடுப்பவர்கள் பேச்சில் கலர் ஸ்பிளாஷ், கலர் பாப் என்றும் வரும். கேமராக்களிலும் ஆளுக்கொரு பெயர்: நிக்கானில் செலக்டிவ் கலர், கேனனில் கலர் ஆக்சென்ட், சோனியில் பார்ஷியல் கலர்.

ஆனால் போட்டோஷாப்பில் இதே பெயருள்ள கட்டளையைத் திறந்தால் கறுப்பு வெள்ளை எதுவும் வராது. அது அச்சுத் தொழிலிலிருந்து வந்த வேறொரு செலக்டிவ் கலர். உயர்தர ஸ்கேனர்களிலும் நிறப்பிரிப்பு மென்பொருள்களிலும் கையாண்ட திருத்த முறை. சிவப்பு, மஞ்சள், பச்சை, சயான் (பச்சை கலந்த நீலம்), நீலம், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு என 9 வகையாகப் படத்தின் நிறங்களைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு வகையிலும் அச்சு மையின் அளவைத் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம். சிவப்பில் கலந்துள்ள சயானைக் குறைத்தால் செங்கல் சுவர் துலங்கும். வானத்து நீலத்தில் உள்ள சயானுக்கு ஒன்றும் ஆகாது. இது நிறத்தைத் திருத்தும் வேலை, நீக்கும் வேலை அல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், குறிப்பைப் படித்துவிட்டுக் கட்டளையைத் திறக்கும் புதியவர் கட்டாயம் குழம்புவார்.

செலக்ட் என்பது லத்தீன் வழிச் சொல். ‘தனியே’ என்ற பொருள் தரும் முன்னொட்டும் ‘பொறுக்கு’ என்ற பொருள் தரும் வினையும் சேர்ந்தது. தனியே பொறுக்கி எடுப்பது என்று பொருள். கலர் என்பதும் லத்தீன்தான். அதை ‘மூடு, மறை’ என்னும் பொருளுள்ள வேரோடு சொற்பிறப்பு ஆய்வாளர்கள் இணைக்கிறார்கள்: ஒரு பொருளின் மேலே போர்த்தியிருப்பது நிறம். நம் ‘வண்ணம்’ வடமொழி வர்ணத்தோடு தொடர்புடையது. அந்தச் சொல்லுக்கும் ‘மூடு’ என்ற வேரைத்தான் காட்டுவார்கள். வெகுதூரம் பிரிந்துபோன இரண்டு மொழிகளில் நிறத்தைப் போர்வையாகவே எண்ணியிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘தேர்ந்தெடுக்கப்பட்ட வண்ணம்’ என்பது நீளம். அதோடு, மென்பொருளில் நாம் அப்போது சொடுக்கி வைத்திருக்கும் நிறத்தையும் அது குறிக்கும். ‘பகுதி வண்ணம்’ என்றால் பாதி வெளுத்த படம் என்றுதான் மனதில் படுகிறது. என் பரிந்துரை ‘தெரிநிறம்’. தெரிதல் என்றால் ஆராய்ந்து தேர்வது. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்ற குறள் அதிகாரங்களில் அந்தப் பொருள்தான். இலங்கைத் தமிழில் ‘தெரிவு செய்தல்’ இன்றும் அன்றாடச் சொல். அதே வினை கண்ணுக்குப் புலப்படுவதையும் குறிக்கிறது. தேர்ந்த நிறம், மற்றவை மங்கியபின் தெரிகிற நிறம் என்று இரண்டு பொருளும் இந்த உத்திக்கு அப்படியே பொருந்துகின்றன. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை என்பதால் நாக்கிலும் எளிதாக நிற்கும்.

‘தெரிவண்ணம்’ ஏன் கூடாது? வண்ணம் என்ற சொல்லுக்கு வேலை அதிகம். யாப்பில் அது சந்தம். ‘இவ்வண்ணம்’ என்னும்போது விதம். ‘தெரிவண்ணம்’ என்று எழுதினால் ‘தெரியும் வண்ணம்’, அதாவது தெரியும்படி, என்று வாசகர் படித்துவிடுவார். நிறம் என்ற சொல்லில் அந்த ஆபத்து இல்லை. போட்டோஷாப் கட்டளைக்கு ‘நிறவாரித் திருத்தம்’ என்று தனிப் பெயர் கொடுத்துவிடலாம்.

பழைய கட்டடமும் புதிய கட்டடமும் ஒரே சட்டகத்தில் வரும் படங்களில் தெரிநிறத்துக்கு நல்ல வேலை உண்டு. இரண்டும் நெருங்கி நிற்கும்போது கண் எதைப் பிடிப்பது என்று தடுமாறும்; ஒன்றின் நிறத்தை எடுத்தால் முரண் சட்டென்று விளங்கும். எதன் நிறத்தை எடுப்பது? பெரும்பாலோர் யோசிக்காமல் பழையதைக் கறுப்பு வெள்ளையாக்குகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கறுப்பு வெள்ளையில் இருந்தவை பழைய ஒளிப்படங்கள்; பழைய கட்டடங்கள் அல்ல. பிரான்சில் ஆமியென் நகரப் பேராலயத்தின் 13ஆம் நூற்றாண்டு வாயில் சிற்பங்களைச் சுத்தம் செய்தபோது பழைய வண்ணப்பூச்சின் தடயங்கள் கிடைத்தன. இன்று வெறும் கல்லாக நாம் பார்க்கும் பல முகப்புகள் ஒரு காலத்தில் நிறத்தில் குளித்தவை.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கோதிக் பாணியிலான புனித ஸ்டீபன் பேராலயம். எதிரே ஹான்ஸ் ஹொல்லைன் வடிவமைத்து 1990இல் திறந்த ஹாஸ் ஹவுஸ், வளைந்த கண்ணாடி முகப்போடு. இந்தச் சதுக்கத்தில் நிறம் மிகுந்தது பழையதுதான்: பேராலயத்தின் செங்குத்தான கூரை முழுதும் பளபளப்பான ஓடுகள், வளைந்து வளைந்து ஓடும் வண்ணக் கோலம். புதியதன் கண்ணாடியோ நீலச்சாம்பல். வானத்தையும் எதிரே உள்ள கல்லையும் வாங்கிக் காட்டுவது. இங்கே கூரையின் நிறத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு நிறம் விட்டால் படம் பொய் சொல்லும்.

கதை அதோடு முடியவில்லை. பேராலயத்தின் கூரை 1945இல் தீயில் அழிந்தது. இப்போதுள்ள ஓடுகள் அதற்குப் பின் வேய்ந்தவை. வடபுறச் சரிவில் 1950 என்ற ஆண்டே ஓட்டில் பதிந்திருக்கிறது. அப்படியானால் அந்தக் கூரை பழையதா, புதியதா? கீழே இருக்கும் சுவருக்கு நூற்றாண்டுகள் வயது. கூரைக்கு எதிர்க் கண்ணாடியைவிட 40 வயதுதான் கூடுதல். தேர்வைப் படம் எடுப்பவர் செய்தாக வேண்டும், மென்பொருள் செய்து தராது. அப்புறம் பிரதிபலிப்பு. கண்ணாடி முகப்பில் பேராலயம் துண்டு துண்டாக விழுகிறது. கல்லின் நிறத்தை விட்டு வைத்தால், கண்ணாடிக்குள் விழுந்த கல்லுக்கும் நிறம் விடுவதா? நான் விடுவேன். பழையது புதியதற்குள் இருப்பது அங்கேதான் தெரிகிறது. அதைச் சாம்பலாக்கினால் படத்தின் மிக நல்ல மூலை வீணாகிவிடும்.

கேமராவில் உள்ள வசதி நிறத்தைப் பார்த்துத் தேர்கிறது, பொருளைப் பார்த்து அல்ல. அமெரிக்காவின் பாஸ்டனில் 1877இன் டிரினிட்டி தேவாலயமும் 1976இல் எழுந்த, நீலக் கண்ணாடி போர்த்திய ஹான்காக் கோபுரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நீலத்தை வை என்று சொன்னால் கோபுரத்தோடு வானமும் நீலமாகவே இருக்கும். கோபுரம் வானத்தில் கரைந்துபோகும். தேவாலயத்தின் செம்பழுப்புக் கல்லைத் தேர்ந்தால் தப்பிக்கலாம். கோபுரம்தான் வேண்டும் என்றால் கணினியில் கையால் மாஸ்க் (எந்தப் பகுதிக்கு நிறம் விடுவது என்று காட்டும் மறைப்பு) வரைய வேண்டியதுதான். பாரிஸில் லூவ்ர் அரண்மனை முற்றத்தில் உள்ள கண்ணாடிப் பிரமிடில் அதுவும் பயன்படாது: அரண்மனையின் கல் நிறம் மாறாமல் தெரிய வேண்டும் என்றே அதற்குச் சாயமில்லாத தெளிந்த கண்ணாடி செய்தார்கள். பகலில் அதற்கென்று நிறமே இல்லை.

நிறம் போன பக்கத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. நிறச் செறிவை வெறுமனே பூச்சியத்துக்கு இறக்கினால் செங்கல் சுவரும் களிம்பேறிய செம்புக் கூரையும் ஒரே சாம்பலாகிவிடலாம். கறுப்பு வெள்ளை மாற்றத்தில் சிவப்பையும் பச்சையையும் தனித்தனியே ஏற்றி இறக்கினால் அவை மீண்டும் பிரியும். விளிம்பில் நிறம் கசிவதும் பெரிய தொல்லை. ஜேபெக் கோப்புகள் பலவற்றில் நிற விவரம் அகலத்திலும் உயரத்திலும் பாதி அளவிலேயே சேமிக்கப்படுகிறது. அதனால் கல்லும் கண்ணாடியும் சந்திக்கும் கோட்டில் மெல்லிய சாயம் ஒட்டிக்கொள்ளும். ரா கோப்பிலிருந்து (கேமரா உணரி பதிந்த மூலத் தரவு) தொடங்கி, படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி அந்தக் கோட்டோடு ஒருமுறை போய்வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சொல்லைப் பழக்கத்தில் கொண்டுவர எளிய வழி படக்குறிப்பு. ‘தெரிநிறப் படம்’ என்று பெயரிடலாம்; ‘தெரிநிறம்: கூரை ஓடுகளும் அவற்றின் பிரதிபலிப்பும்’ என்று எதை விட்டுவைத்தோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.