அஞ்சு மேட்ச் கோல் அடிக்கலன்னா ஆள் வேஸ்டா?

வடசென்னை வியாசர்பாடிக்குக் கால்பந்து டிவியில் மட்டும் பார்க்கிற விஷயம் இல்லை. தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் என்று ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரை போன ஆட்டக்காரர்கள் இந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள். ஆஃப்சைடு எது, ஓட்டம் எது, சும்மா நிற்பது எது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர்கள் இங்கே டீக்கடைக்கு நாலு பேர் உண்டு.

அவர்களும்கூட ஒரு விஷயத்தில் தடுமாறுகிறார்கள். பெரிய கிளப் ஒன்று கோடிக்கணக்கில் கொட்டி, கோல் அடிப்பதற்கென்றே ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்குகிறது. ஆகஸ்டில் ஒரே கொண்டாட்டம். செப்டம்பர் கடைசியில், "இன்னாபா, இவனுக்கா இவ்ளோ காசு?" டிசம்பரில் அவர் ஒரு வெற்றி கோல் அடித்ததும், "நான் அப்பவே சொன்னேன்ல மச்சி, டைம் குடுங்கன்னு." இந்த நான்கு மாதத்தில் அந்த ஆட்டக்காரர் பெரிதாக மாறியிருக்கிறாரா? பெரும்பாலும் இல்லை. நம் கருத்துதான் அவரைவிட வேகமாக ஓடுகிறது. ஏன் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது, மனசும் இருக்கிறது.

முதலில் கணக்கு. கால்பந்தில் கோல் அபூர்வம். ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் ஒரு மேட்சுக்குச் சராசரியாக 0.4 கோல் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 38 மேட்ச் கொண்ட பிரீமியர் லீக் சீசனில் அது 15 கோல், மரியாதையான எண்ணிக்கை. இப்படி எப்போதாவது நடக்கும் நிகழ்வுகளுக்கு பாய்சான் பரவல் என்றொரு கணிதம் உண்டு. அதன்படி, இவர் குறிப்பிட்ட ஒரு மேட்சில் கோல் அடிக்காமல் போக வாய்ப்பு 67 சதவீதம். தொடர்ந்து ஐந்து மேட்ச் வெறுங்கையோடு வர வாய்ப்பு 13.5 சதவீதம், அதாவது ஏழில் ஒன்று.

இதைவிட முக்கியமான கேள்வி வேறு. முழு சீசனில் எங்கோ ஓர் இடத்தில் இப்படி ஐந்து மேட்ச் வறட்சி வர எவ்வளவு வாய்ப்பு? போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 90 சதவீதம் வருகிறது. திறமை துளியும் குறையாமல், காயம் இல்லாமல், மனக்கவலை இல்லாமல், வெறும் தற்செயலால் மட்டும். 15 கோல் அடிக்கிற ஆளுக்கு வறட்சி வருவதுதான் இயல்பு, வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த வறட்சி பிப்ரவரியில் வந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதற்குள் பத்து கோல் கணக்கில் இருக்கும். முதல் ஐந்து மேட்சிலேயே வந்துவிட்டால்? ரசிகர் கையில் அந்த ஆளைப் பற்றி வேறு எந்தச் சான்றும் இல்லை. பழைய தகவல் இல்லாத இடத்தில் புதுத் தகவலுக்குத்தான் முழு எடை கிடைக்கும். ஏழில் ஒருவருக்கு நடக்கிற துரதிர்ஷ்டம் அவருடைய அடையாளமாகவே ஒட்டிக்கொள்கிறது.

இதோடு இன்னொன்று சேர்கிறது. கிளப்புகள் பெரும்பாலும் ஒருவரை அவருடைய மிகச் சிறந்த சீசன் முடிந்ததும் வாங்குகின்றன. அந்த சீசனில் திறமையோடு அதிர்ஷ்டமும் கொஞ்சம் கலந்திருக்கும். அடுத்த வருடம் திறமை கூடவே வரும், அதிர்ஷ்டம் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இறங்குவதை ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1886-இல் எழுதினார். ஸ்ட்ரைக்கர்களுக்கும் அதே கதைதான். உச்சத்தில் விலை பேசினால் இறக்கத்தைத்தான் பார்க்க நேரும்.

சரி, மனசுக்கு வருவோம். காசிமேட்டில் மத்தி வாங்கியவர் முள்ளைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டார். வஞ்சிரத்துக்கு விலை கொடுத்தவர் ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்ப்பார். விலை நம் அளவுகோலையே நகர்த்திவிடுகிறது. உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதைத்தான் காட்டியது. ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். அது 10 அல்லது 65-இல் நிற்கும்படி முன்பே அமைத்திருந்தார்கள். அப்புறம், ஐநாவில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 பார்த்தவர்களின் நடுமதிப்பு 25, 65 பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத எண் இவ்வளவு இழுக்கிறது என்றால், ஆட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதப்படும் கோடிக் கணக்கு எவ்வளவு இழுக்கும்!

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், அதே விலை கிளப்பை எதிர்த்திசையில் இழுப்பது. பாரி ஸ்டா, ஹா ஹோங் இருவரும் 1995-இல் அமெரிக்க என்பிஏ கூடைப்பந்து வீரர்களை ஆராய்ந்தார்கள். ஒரே மாதிரி ஆடியவர்களில், அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் 'டிராஃப்ட்' தேர்வில் முன்னதாக எடுக்கப்பட்டவருக்கே அதிக நேரம் களத்தில் கிடைத்தது. போட்ட முதலை வீண் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனசு வராது. ஆக, விலை கூடக் கூட கோச் அவரை விடாமல் ஆடவைக்கிறார், ரசிகர் சீக்கிரம் பொறுமை இழக்கிறார். அந்த ஆளின் ஒவ்வொரு தவறும் எல்லார் கண்ணிலும் படுகிறது.

இதை வைத்து "எல்லாம் தற்செயல்" என்று சொல்லிவிடவும் கூடாது. ஸ்பெயின் ஸ்ட்ரைக்கர் ஃபெர்னாண்டோ டோரஸை எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூலில் 142 ஆட்டங்களில் 81 கோல், ஆட்டத்துக்கு 0.57. 2011 ஜனவரி 31 அன்று செல்சீ 5 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. முதல் கோலுக்கு 903 நிமிடம் ஆனது, கிட்டத்தட்ட பத்து முழு மேட்ச். பழைய வேகத்திலேயே இருந்த ஒருவருக்குத் தற்செயலாக இப்படி நடக்க வாய்ப்பு முந்நூறில் ஒன்று. இது வெறும் துரதிர்ஷ்டம் இல்லை, ஏதோ நிஜமாகவே மாறியிருந்தது. செல்சீயில் அவர் கணக்கு கடைசியில் 172 ஆட்டம், 45 கோல். ஆனால் 2012 ஏப்ரலில் கேம்ப் நூ மைதானத்தில், பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் கடைசி நொடிகளில், கோல்கீப்பரைத் தாண்டிப் போய் அவர் அடித்த அந்த ஒரு கோல் செல்சீ ரசிகர் மனசில் நிறைய கசப்பைக் கழுவிவிட்டது. நினைவு சராசரி போடுவதில்லை. உச்சத்தையும் முடிவையும்தான் பிடித்துக்கொள்கிறது.

ஜெர்மன் வீரர் கை ஹாவர்ட்ஸ் கதை மறுபக்கம். 2023-இல் செல்சீயிலிருந்து ஆர்சனலுக்கு வந்தவர், செப்டம்பர் 30 வரை கோல் இல்லை. அன்று போர்ன்மவுத்தில் கிடைத்த பெனால்டியை அவருக்கு விட்டுக்கொடுத்து, சக வீரர்களே முதல் கோலை அடிக்கவைத்தார்கள். நடுக்களத்திலிருந்து முன்வரிசைக்கு மாற்றிய பிறகு கோல்கள் வந்தன. அந்த லீக் சீசன் முடிவில் 13.

டோரஸ் மாதிரி நிஜச் சரிவையும் ஹாவர்ட்ஸ் மாதிரி தற்காலிக வறட்சியையும் அக்டோபரிலேயே பிரித்தறிய கோல் கணக்கு உதவாது, எண்ணிக்கை மிகக் குறைவு. ஷாட்டுகளைப் பாருங்கள். பத்து ஷாட்டுக்குச் சுமார் ஒரு கோல் என்பது தொழில்முறை ஆட்டத்தின் பொதுவான அளவு. ஐந்து மேட்சில் கோல் இல்லாதவர் பதினைந்து ஷாட் அடித்திருந்தால், அதுவும் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து, அவர் சரியான இடத்தில்தான் நிற்கிறார். மூன்றே ஷாட் என்றால், பந்து அவரிடம் வரவில்லையா அல்லது அவர் பந்திடம் போகவில்லையா என்று தேட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க டீக்கடையில் அந்த நாலு பேருக்கு எந்தக் கம்ப்யூட்டரும் தேவையில்லை.