செவிப்பறை நாண்: காதின் பெயரைத் தாங்கிய சுவை நரம்பு

மருத்துவ நூல்களில் ‘கார்டா டிம்பானி’ என்று வழங்கும் நரம்பு, நாக்கின் முன்பகுதியில் தோன்றும் சுவையுணர்வை மூளையை நோக்கிக் கொண்டு செல்கிறது. ஆனால் அதன் பெயரில் நாக்கும் இல்லை, சுவையும் இல்லை. இருப்பவை ஒரு நாணும் ஒரு பறையும்தான்.

‘கார்டா’ என்ற இலத்தீன் சொல் ‘கோர்டே’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்குக் குடல் என்று பொருள். விலங்கின் குடலைத் திரித்து இசைக்கருவிகளுக்குக் கட்டிய நாணுக்கும் அதுவே பெயராயிற்று. ‘டிம்பானம்’ என்பது பறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் இலத்தீன் வடிவம். அதைக் காதின் உறுப்புக்குப் பெயராக ஆண்டவர், 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த உடற்கூற்றியலாளர் கேப்ரியேலே ஃபலோப்பியோ. ‘டிம்பானி’ என்பது அச்சொல்லின் ஆறாம் வேற்றுமை வடிவமாதலால், முழுப்பெயருக்குப் ‘பறையினது நாண்’ என்பதே நேர்ப்பொருள்.

இந்த நரம்பு செல்லும் வழியைப் பின்தொடர்ந்தால் பெயரின் காரணம் விளங்கிவிடும். நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கில் உள்ள காளான் வடிவப் புடைப்புகளில் சுவை அரும்புகள் பொதிந்திருக்கின்றன. அவற்றிலிருந்து கிளம்பும் இழைகள், நாக்கின் தொடுவுணர்வைச் சுமக்கும் நாநரம்போடு சிறிது தூரம் சேர்ந்து சென்று, பின் தனியே பிரிந்து மண்டையோட்டின் ஒரு குறுகிய பிளவு வழியாக நடுச்செவிக்குள் நுழைகின்றன. அங்கே இந்த நரம்பு, சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் இடையே, செவிப்பறையின் உட்புறத்தை ஒட்டி அதன் மேற்பகுதியில் குறுக்காகச் செல்கிறது. கேட்டலில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. செவிப்பறையின் உணர்ச்சியையும் அது சுமப்பதில்லை. நடுச்செவியைக் கடந்ததும் ஏழாம் மூளை நரம்பாகிய முகநரம்போடு இணைகிறது. அதன் சுவை இழைகளுக்குரிய நரம்புயிரணுக்களின் உடல்கள், முகநரம்பு முழங்கால்போல் மடங்கும் இடத்திலுள்ள நரம்புத் திரளில் இருக்கின்றன. அங்கிருந்து செய்தி மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கும், மூளையின் நடுவே உள்ள தலாமஸுக்கும், பெருமூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் புதைந்துள்ள இன்சுலா பகுதிக்கும் செல்கிறது.

இனி, தமிழில் இதை எவ்வாறு அழைப்பது? ‘சுவை நரம்பு’ என்பது பொருந்தாது. நாக்கின் பின் மூன்றில் ஒரு பங்கின் சுவையை ஒன்பதாம் மூளை நரம்பும், குரல்வளை மூடிப் பகுதியின் சுவையைப் பத்தாம் மூளை நரம்பும் ஏற்கின்றன; மேலண்ணத்தின் சுவையோ முகநரம்பின் வேறொரு கிளையில் செல்கிறது. அன்றியும், கார்டா டிம்பானி சுவையை மட்டும் சுமப்பதில்லை. தாடையின் கீழும் நாவின் அடியிலும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தூண்டும் இழைகளும் அதே நரம்பில் எதிர்த்திசையில் வருகின்றன.

‘செவிப்பறை நரம்பு’ என்ற வடிவத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. யாழில் கட்டிய தந்தியையும் பழந்தமிழ் நரம்பு என்றே சொன்னது. ஆகவே கிரேக்கச் சொல்லின் இசைக்கருவிப் பொருளும் உடலுறுப்புப் பொருளும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. எனினும் இன்றைய வாசகரின் செவியில் நரம்பு என்றதும் யாழ் ஒலிப்பதில்லை. செவிப்பறைக்கு உணர்ச்சி தரும் நரம்பு என்றோ, கேட்டலுக்கான செவி நரம்பு என்றோ பிழையாகக் கொள்ளவே இடமாகும் என்பதால், மனமின்றியே அதை விலக்குகிறேன்.

என் தேர்வு ‘செவிப்பறை நாண்’. வட்டத்தின் பரிதியில் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டை நாண் என்று பள்ளிக் கணக்கில் படிக்கிறோம். மேலை மொழிகளில் அக்கோட்டின் பெயரும் ‘கார்டா’ என்ற இதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஏறத்தாழ வட்டமான செவிப்பறையின் குறுக்கே ஓடும் மெல்லிய நரம்புக்கு இதைவிடத் தெளிவான படம் கிடைப்பது அரிது. முதுகுநாண் என்ற உயிரியல் சொல்லும் நமக்குப் பழகியதே.

ஒரு சொல்லை இவ்வளவு நுணுகிப் பார்ப்பதற்கு நடைமுறைத் தேவையும் உண்டு. நடுச்செவியில் அறுவை செய்யும்போது இந்த நாண் இழுபடவோ அறுபடவோ நேரலாம். அதன்பின் சிலர் வாயில் உலோகச் சுவை தங்கியிருப்பதாகச் சொல்வார்கள். சிலருக்கு அறுவை நடந்த காதின் பக்கத்தில் நாக்கு மரத்ததுபோல் இருக்கும். மற்ற நரம்புகள் ஈடுசெய்வதால் இன்னும் சிலர் இழப்பை உணர்வதே இல்லை. முகவாதத்திலும் இது துப்புக் கொடுக்கிறது: முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்திருக்க, அப்பக்க நாக்கின் முன்பகுதியில் சுவையும் குன்றியிருந்தால், செவிப்பறை நாண் சேரும் இடத்திலோ அதைவிட மூளைக்கு அருகிலோ முகநரம்பு பழுதுபட்டிருக்கிறது என்று மருத்துவர் கணிக்கலாம். சுவை குன்றாமல் இருந்தால், பழுது அந்த இடத்தைத் தாண்டி முகத்தசைகளின் பக்கம் இருக்கக்கூடும்.