போர்க்குற்றப் படங்களைப் பகிரும் முன்

மே மாதம் வந்துவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும், 2009இல் ஈழப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலின் படங்கள் மீண்டும் சுற்றத் தொடங்கும். செய்திப் படங்களின் உண்மைத்தன்மையைச் சரிபார்ப்பது என் தொழில் என்பதால், அந்த வாரங்களில் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் அவற்றை எனக்கு அனுப்பி, "இது உண்மைதானா?" என்று கேட்பார்கள். பல உண்மையானவை. சில வேறு நாட்டில், வேறு ஆண்டில் எடுக்கப்பட்டவை. இவை இரண்டும் ஒரே சோகப் பாட்டின் பின்னணியில் அடுத்தடுத்து ஓடும்போது நாம் இழப்பது என்ன என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

2009 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒரு காணொளியை ஒளிபரப்பியது. இலங்கை ராணுவச் சீருடையில் இருந்தவர்கள், கைகளும் கண்களும் கட்டப்பட்ட, ஆடை களையப்பட்ட ஆண்களைப் பின்னாலிருந்து சுடுவது அதில் தெரிந்தது. நாட்டை விட்டு வெளியேறிய இலங்கை ஊடகவியலாளர்களின் அமைப்பு ஒன்றின் மூலம் அது கிடைத்திருந்தது. இலங்கை அரசு உடனே மறுத்தது. தன் தரப்பு வல்லுநர்கள் நால்வரின் ஆய்வைக் காட்டி, அது போலி என்றது. அது கைப்பேசியில் எடுக்கப்பட்டதல்ல என்பதும், ஒலியும் காட்சியும் ஒத்துப்போகவில்லை என்பதும் அந்த ஆய்வின் முக்கிய வாதங்கள்.

சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் குறித்த ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், அந்தக் காணொளியைத் தடயவியல் மருத்துவர் ஒருவர், துப்பாக்கிச் சூட்டுத் தடய வல்லுநர் ஒருவர், காணொளி ஆய்வாளர் ஒருவர் என மூவரிடம் கொடுத்து, 2010 ஜனவரி 7 அன்று முடிவுகளை வெளியிட்டார். சுடும்போது துப்பாக்கி பின்னுதைப்பதும் வாயு வெளியேறுவதும் வெற்றுத் தோட்டாவுக்கு அல்ல, உண்மையான தோட்டாவுக்கே பொருந்துகின்றன என்றும், உடல்கள் விழும் விதமும் குருதியும் நடிப்புக்குப் பொருந்தவில்லை என்றும், காட்சி இடையில் வெட்டி ஒட்டப்பட்டதற்குச் சான்று இல்லை என்றும் அவர்கள் கண்டார்கள்.

இதில் நான் மிகவும் மதிக்கும் பகுதி வேறொன்று. விழுந்து கிடந்தவர்களில் சிலரது உடல் அசைவு, இறுதியில் ஒட்டியிருந்த 17 பிரேம்கள் (காணொளியின் தனித்தனிக் காட்சிச் சட்டங்கள்), கோப்பில் பதிவாகியிருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி ஆகிய மூன்றுக்கும் முழு விளக்கம் கிடைக்கவில்லை என்பதையும் ஆல்ஸ்டன் மறைக்காமல் சொன்னார். போர் மே மாதமே முடிந்துவிட்டதால் அந்தத் தேதி எதிர்த்தரப்புக்குச் சாதகமானது என்று தெரிந்தே அவர் அதை வெளியிட்டார். அந்த நேர்மையே அறிக்கைக்கு வலு சேர்த்தது. அடுத்து அப்பொறுப்புக்கு வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ், பின்னர் கிடைத்த நீளமான பதிப்பையும் ஆராய வைத்து 2011இல் அதே முடிவுக்கு வந்தார். 2015 அக்டோபரில், இலங்கை அரசே அமைத்த பரணகம ஆணைக்குழுவும் சேனல் 4 வெளியிட்ட காட்சிகள் உண்மையானவை என்றது. ஒளிபரப்பிலிருந்து அதுவரை கடந்தது ஆறு ஆண்டுகள்.

இத்தனையும் சாத்தியமானதற்குக் காரணம், ஆய்வுக்குப் போன கோப்பு ஓரளவு சிதையாமல் இருந்ததுதான். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் ஒரு படத்தை அனுப்பினால் அதன் அளவு சுருங்கும். எந்தக் கருவியில், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்ற உட்பதிவும் அழிந்துவிடும். பிறகு ஒருவர் ஓரத்தை வெட்டுவார், இன்னொருவர் இயக்கத்தின் சின்னத்தை மேலே பதிப்பார், வேறொருவர் ஒலியை நீக்கிப் பாட்டுச் சேர்ப்பார். துப்பாக்கி ஓசைக்கும் அசைவுக்கும் இடையிலான நொடிக் கணக்கை அளந்தால்தான் அரசின் வாதத்துக்குப் பதில் சொல்ல முடியும் என்னும்போது, ஒலியை அழித்தவர் எந்தத் தரப்புக்கு உதவினார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் மனதில் இருந்தது துக்கம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தவறான படம் செய்யும் கேடு இன்னொரு வகை. 2012 மே 25 அன்று சிரியாவின் ஹூலாவில் குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தியோடு பிபிசி தன் இணையதளத்தில் வெளியிட்ட படத்தில், வெள்ளைத் துணியில் சுற்றிய உடல்களின் வரிசையை ஒரு சிறுவன் தாண்டிக் கொண்டிருந்தான். அது 2003இல் ஈராக்கில் மார்கோ டி லாரோ எடுத்த படம். பிபிசி விரைவிலேயே அதை நீக்கியது. ஆனால் படுகொலை உண்மை, படம் மட்டுமே தவறு என்று பிரித்துச் சொல்வதற்குள், மறுக்க நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்து மறுத்துவிட முடிகிறது.

அதே ஆண்டு, உடல்களின் நடுவே திபெத்திய பிக்குகள் நிற்கும் படம், மியான்மரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதன் படமாகப் பல நாடுகளில் பரவியது. அது 2010இல் சீனாவின் யூஷூ நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்கு இறுதிச் சடங்கு செய்ய வந்தவர்களின் படம். ரோஹிங்கியாக்களின் துயரம் உண்மை என்பதால் இந்தப் பொய்யைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வாதிட்டவர்களை நான் நேரில் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் மியான்மர் ராணுவம் 2018இல் வெளியிட்ட நூல். ரோஹிங்கியாக்களால் கொல்லப்பட்டவர்கள் என்று அதில் காட்டப்பட்டது 1971 வங்கதேசப் போரின் படம். மியான்மருக்குள் ஊடுருவுவோர் என்று அச்சிடப்பட்டது, 1996இல் ருவாண்டா அகதிகள் நடந்து சென்ற படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியது. ராய்ட்டர்ஸ் இதை வெளிப்படுத்திய பிறகு ராணுவம் மன்னிப்புக் கேட்டது. பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்பவர்களும் அதே வேலையைச் செய்தால், இந்த மோசடியைச் சுட்டிக்காட்டும் தகுதி யாருக்கு இருக்கும்?

சரிபார்த்து உண்மை என்று தெரிந்த படத்தையும் அப்படியே பரப்பிவிடலாமா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. ஈழப் போரின் இறுதி நாள்களின் மிகக் கொடூரமான காட்சிகள் பல, கொன்ற தரப்பினரே தங்கள் கைப்பேசிகளில் வெற்றிச் சின்னமாக எடுத்தவை. பெண்களின் உடல்களை அவர்கள் எடுத்திருக்கும் கோணமும், பின்னணியில் கேட்கும் பேச்சும் அவமதிப்பின் பகுதிகளே. அந்தப் படங்களை மறைக்காமல், மங்கலாக்காமல் மீண்டும் மீண்டும் பகிரும்போது, எடுத்தவன் விரும்பிய பார்வையாளராக நம்மையும் அறியாமல் ஆகிவிடுகிறோம். அந்தப் பெண்களுக்குத் தாயும் உடன்பிறந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையிலும் கைப்பேசி இருக்கிறது. நீதிமன்றமும் ஆய்வாளரும் காண வேண்டிய ஒன்றை ஊரே காண வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

2013 பிப்ரவரியில் வெளியான, விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படங்களை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன், மணல் மூட்டை அடுக்கிய பதுங்குகுழியில் தோளில் துணியோடு உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கிறான். மற்றொன்றில் மார்பில் குண்டுக் காயங்களோடு இறந்து கிடக்கிறான். இரண்டும் ஒரே கேமராவில், சில மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்று அவற்றை வெளிக்கொணர்ந்த இயக்குநர் கேலம் மக்ரே கூறினார். சண்டையில் சிக்கி இறந்தான் என்ற வாதத்தை உடைப்பது இந்த இடைவெளிதான். தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் படமும் அதைச் சொல்லாது. இலங்கை ராணுவம் வழக்கம்போல் மறுத்தது. அடுத்த மாதம் தமிழ்நாட்டு மாணவர்கள் போராடியபோது பதாகைகளில் பரவலாக இருந்தது அவன் உயிரோடு இருக்கும் படம். பொதுவெளிக்கு அது போதுமானது. இறந்த படத்தைத் தடயவியல் மருத்துவர் பார்த்துக் காயங்களின் தன்மையைச் சொன்னால், அதை எழுத்தில் படித்து நம்மால் புரிந்துகொள்ள முடியும்.

செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்குவது எளிதாகிவிட்ட இன்று, உண்மைப் படத்தையும் "இயந்திரம் செய்தது" என்று தள்ளிவிடுவது எந்த அரசுக்கும் எளிது. ஆகவே எங்கிருந்து வந்தது என்ற வரலாறு படத்தோடு ஒட்டியிருக்க வேண்டியது முன்னைவிட அவசியமாகிறது. லிபியாவின் படைத் தளபதி மஹ்மூத் அல்வெர்ஃபல்லி மீது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் பிறப்பித்த பிடியாணை, பெரும்பாலும் சமூக ஊடகங்களில் வெளியான கொலைக் காணொளிகளின் அடிப்படையில் அமைந்தது. இத்தகைய சான்றுகளைச் சேகரிப்பதற்கான நெறிமுறையை ஐநா மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்டிருக்கின்றன.

உங்களுக்கு வந்த படம் பழையதா என்று அறிய, படத்தைக் கொடுத்தே தேடும் வசதிகளான கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் (TinEye) தேடிப் பாருங்கள். கிடைப்பவற்றுள் மிகப் பழைய தேதியுடையதைத் திறந்து, அதன் கீழுள்ள விவரத்தைப் படியுங்கள். தேடலில் எதுவும் கிடைக்காவிட்டால் படம் உண்மை என்று பொருளல்ல. சீருடையின் தோள்பட்டை, வண்டி எண், பெயர்ப்பலகையின் எழுத்து, நிழல் விழும் திசை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதற்குப் பழகியவர்களிடம் கேட்கும்வரை பகிராமல் இருப்பதால் யாருக்கும் இழப்பில்லை.

யாரிடமும் இல்லாத மூலப் படம் உங்களிடம் இருக்குமானால் பொறுப்பு கூடுகிறது. அந்தக் கைப்பேசியையோ மெமரி கார்டையோ மேற்கொண்டு பயன்படுத்தாமல் எடுத்து வையுங்கள். திறந்து திருத்தாமல் கோப்பாகவே நகலெடுங்கள். அனுப்ப வேண்டியிருந்தால் புகைப்படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள். எப்போது, எந்தக் கருவியில், எந்தச் சூழலில் உங்களிடம் வந்தது என்று ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். படத்தைக் கொடுத்தவரோ எடுத்தவரோ இன்னமும் இலங்கையில் இருந்தால், அவர் பெயரை அந்தத் தாளில் எழுதாமல், மனித உரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரிடம் நேரில் மட்டும் சொல்லுங்கள்.