சிலுவைப் போர்

‘குருசேடு’ என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால், பள்ளியில் வரலாறு படித்த யாரும் ‘சிலுவைப் போர்’ என்று சொல்லிவிடுவார்கள். சரியான சொல்தான். ஆனால் அந்தப் போருக்குக் கிளம்பிப் போனவர்களுக்கு இப்படி ஒரு பெயரே தெரியாது.

1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் முஸ்லிம்கள் வசமிருந்த எருசலேமை மீட்க அழைத்தார். புறப்பட்டவர்கள் அதை யாத்திரை என்றார்கள், எருசலேம் பயணம் என்றார்கள். நேர்ந்துகொண்டதற்கு அடையாளமாகத் துணியில் சிலுவை வெட்டி ஆடையில் தைத்துக்கொண்டார்கள். நம்மூரில் மாலை போட்டுக்கொள்வதுபோல. அதனால் பிற்பாடு லத்தீனில் அவர்களுக்குச் ‘சிலுவைக் குறி பூண்டவர்’ என்று பெயர் நிலைத்தது. ஆளுக்கு வந்த பெயர் போருக்கு வர இன்னும் பல காலம் ஆயிற்று. பிரெஞ்சு, ஸ்பானியச் சொற்கள் கலந்து, ஆங்கிலத்தில் இன்றைய வடிவம் நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டில்தான்.

எதிர்ப்பக்கத்து அரபு வரலாற்றாசிரியர்களும் சிலுவையைச் சொல்லவில்லை. வந்தவர்களை ‘இஃப்ரஞ்ச்’, அதாவது பிராங்குகள் (மேற்கு ஐரோப்பியர்) என்றே எழுதினார்கள். பாரசீகத்தில் அது ‘ஃபரங்கி’. அப்புறம் தமிழுக்கு வந்து பரங்கி ஆகி, பரங்கிமலையிலும் பரங்கிப்பேட்டையிலும் பரங்கிக்காயிலும் உட்கார்ந்துகொண்டது. ‘சிலுவைப் போர்கள்’ என்ற தொடர் அரபில் பரவியது 19ஆம் நூற்றாண்டில்.

எனக்குப் பிடித்த இடம் ‘சிலுவை’தான். அது சிரியாக் மொழியின் ‘ஸ்லீவா’விலிருந்து வந்தது, கேரளத்துப் பழைய கிறித்தவர்களான நஸ்ராணிகளின் மரபு வழிபாட்டு மொழி அது. அரபியின் ‘ஸலீப்’ அதற்கு உடன்பிறப்பு. ஆக, இன்று ஓர் அரபியர் இந்தப் போரைச் சொல்லும் சொல்லும் நாம் சொல்லும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ‘குருசு’ வேறு வழி: போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடமான ‘குருசடி’யில் இன்றும் இருக்கிறது.

சிலர் ‘புனிதப் போர்’ என்று எழுதுகிறார்கள். அது பொதுச்சொல், ஜிகாதுக்கும் அதையே போடுகிறார்கள். ‘கிறித்தவ-முஸ்லிம் போர்’ என்றாலும் முழுதும் பொருந்தாது. 1099இல் எருசலேமைப் பிடித்தது, 1187இல் முஸ்லிம் சுல்தான் சலாவுதீன் அதை மீட்டது, 1291இல் சிலுவைப் போர்க்காரர்களின் கடற்கரை நகரமான ஆக்கர் விழுந்தது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஆனால் 1204இல் சிலுவை தைத்த படை கொள்ளையடித்த கான்ஸ்டாண்டிநோபிள் கிறித்தவ நகரம். 1209இல் தொடங்கிய படையெடுப்பு தெற்கு பிரான்சிலேயே, திருச்சபை வழிவிலகியவர்கள் என்று தள்ளிய காதர்கள்மேல் நடந்தது. போப்பின் அழைப்பும் சிலுவை நேர்ச்சையும்தான் இவற்றுக்குப் பொது. அந்த அளவில் ‘சிலுவைப் போர்’ கச்சிதம்.

உருவகமாக வரும்போதுதான் தடுமாற்றம். ‘ஊழலுக்கு எதிரான சிலுவைப் போர்’ என்று மொழிபெயர்ப்பது அபத்தம். ‘அறப்போர்’ போதும், ‘இயக்கம்’ என்றாலும் சரி. சுவரொட்டியில் ‘குருசேடு’ என்றிருந்தால் அது நற்செய்திக் கூட்டம். அங்கே போர் எதுவும் இல்லை.

எழுதும்போது ‘சிலுவை போர்’ என்று விட்டுவிட வேண்டாம். நடுவில் ‘ப்’ உண்டு.