ஷியா மரத்தின் தாய்வழி

“மரம் முளைத்த இடத்திலேயே நிற்கிறது. அதற்கு எப்படி இடம்பெயர்ந்த வரலாறு இருக்கும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மரம் நகராது, அதன் விதையும் மகரந்தமும் நகரும். ஆனால் இரண்டும் ஒரே தூரம் போவதில்லை.

ஆப்பிரிக்காவின் ஷியா மரத்தையே எடுத்துக்கொள்வோம். முகப்பூச்சில் சேர்க்கும் ஷியா வெண்ணெய் இதன் கொட்டையிலிருந்து வருவதுதான். சகாராவுக்குத் தெற்கே, செனகல் முதல் உகாண்டா வரை நீளும் சவன்னா புல்வெளிதான் இதன் வீடு.

உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. தாயிடம் பாதி, தந்தையிடம் பாதி, பள்ளியில் படித்ததுதான். தலைமுறைக்குத் தலைமுறை அது சீட்டுக்கட்டுபோலக் கலைகிறது. ஆனால் இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்குள்ளும் தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. உண்டு. உட்கருவில் சுமார் 65 கோடி ‘எழுத்துகள்’ (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) என்றால், இதில் ஒன்றரை லட்சம் சொச்சம்தான். பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் இது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. மகரந்தத்துக்கு இதில் பங்கே கிடையாது. அதனால் கலைவதும் இல்லை. எப்போதாவது ஓர் எழுத்து மாறினால், அந்த மாற்றம் மகளுக்கு, பேத்திக்கு, கொள்ளுப்பேத்திக்கு என்று அப்படியே இறங்கிக்கொண்டு போகும்.

இது எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம். ஓர் இலையைக் கிள்ளினால் போதும், இரண்டு தனித்தனிக் கதைகள் கிடைக்கின்றன. தேனீக்கள் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோய் உட்கருவின் வேறுபாடுகளைக் கரைக்கின்றன. விதையோ தாய்மரத்தடியில் விழும். பழந்தின்னி வௌவால் கவ்வினால் கொஞ்சம் தள்ளி விழும். ஆகவே பசுங்கணிக வகைகளை வரைபடத்தில் குறித்தால் விதை நடந்த பாதை தெரிகிறது.

சரி, வணிகர்கள் கொட்டையைத் தூரதேசம் கொண்டுபோயிருக்க மாட்டார்களா? போனார்கள். ஆனால் ஷியா கொட்டை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். விற்பனைக்குப் போகும் கொட்டையை வேகவைத்து உலர்த்துவதும் வழக்கம். அதனால் சந்தைக்குச் சந்தை போனது கொழுப்பு, மரம் அல்ல.

மேற்கிலும் கிழக்கிலும் உள்ள ஷியா மரங்கள் மரபணுவில் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. ஏறக்குறைய 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் சகாரா தெற்கே விரிந்தது. அத்தகைய வறட்சிக் காலங்களில் ஈரம் மிஞ்சிய இடங்களில் ஒதுங்கிப் பிழைத்த மரக்கூட்டங்களோடு ஆய்வாளர்கள் இந்தப் பிரிவை இணைக்கிறார்கள். நெடுங்காலம் ஒதுங்கியிருந்த இடத்தில் பல வகைகள் சேர்ந்திருக்கும். அங்கிருந்து ஒரு கைப்பிடி விதை மட்டும் போய்ச்சேர்ந்த புது நிலத்தில் வகைகள் குறைந்திருக்கும்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. ஷியா நூற்றாண்டுகளைத் தாண்டி வாழும் மரம். இன்று பெரிய மரங்களைச் சோதித்து ‘மரபணு வளம் நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால், அது அந்த மரங்கள் முளைத்த காலத்தைப் பற்றிய செய்தி. இப்போதைய இழப்பு நாற்றுகளில்தான் தெரியும். தரிசு விடும் காலம் குறைந்த வயல்களில் நாற்றுகள் அரிதாகிவருகின்றன.

நெல்லின் மரபணுத் தொகுதி, அதாவது அதன் டி.என்.ஏ. எழுத்துகளின் வரிசை, 2002இலேயே வெளிவந்துவிட்டது. ஷியாவுக்கு 2021 வரை ஆனது. காய்க்கவே 15, 20 ஆண்டுகள் எடுக்கும் மரத்தைப் பற்றிய ஆய்வுக்கு மூன்றாண்டு நிதி கொடுத்து முடிவு கேட்பது சரியில்லை என்பது என் கருத்து. அந்த நாற்றுகளை அவை காய்க்கும் வரை பின்தொடரும் அளவுக்காவது நிதி நீள வேண்டும்.